தண்ணீர் ஊற்றாத சோறு

1

“16 மார்ச் 2003, ஞாயிறு. இன்று மிஞ்சின சோற்றில் முட்டை ஃபிரைட் ரைஸ் செய்தேன். முட்டை மூன்று. பிள்ளை இரண்டு தட்டு சாப்பிட்டாள். மூன்றாவது கேட்டாள். சோறு இல்லை.”

என் இரண்டாம் நோட்டில் இடப்பக்கத்தின் அடியில் நீல மையில் இந்தக் குறிப்பு இருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை. அது அன்றைய எண்ணெய்தான் என்று நான் நம்புகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதைத் தேட வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. சென்ற நவம்பர் 7, வெள்ளிக்கிழமை மதியம் வந்தது.

எங்களுக்கு ஒரே மகள், சுபா. ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அங்கேயே இரண்டு தோழிகளோடு வீடு எடுத்து இருக்கிறாள். இப்போது நாங்கள் இருக்கும் செம்பூரிலிருந்து ஐரோலி தூரமில்லை. ஆனால் பிள்ளைகள் தூரமாவதற்கு தூரம் தேவையில்லை என்பதை இங்கே வந்தபின் தெரிந்துகொண்டேன். அவள் அலுவலகத்தில் ஆளுக்கொரு வீட்டுச் சமையலைக் கேட்டு வாங்கிச் சின்னப் புத்தகமாக அச்சிடுகிறார்களாம். தான் எழுதிய படிவத்தைப் படம் பிடித்து, நாங்கள் மூவர் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தாள். உணவின் பெயர்: முட்டை ஃபிரைட் ரைஸ், முதல் நாள் சோற்றில். கற்றுக்கொடுத்தவர்: காக்கு.

நான் வேலை பார்க்கும் பட்டறையின் ஸ்டோரில் நின்றபடி அந்த ஒரு வரியை நாலு முறை படித்தேன். பிறகு போன் போட்டேன்.

“ஏட்டி, கத்துக்குடுத்தது காக்குன்னு போட்டிருக்கியே?”

“ஆமாப்பா. காக்குதானே?”

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம யாரு செஞ்சு தந்தா?”

“அது நீங்க. ஆனா ஃபர்ஸ்ட் காக்குதான் எப்பா. அந்த டேஸ்ட் வேற.”

கடைசி மூன்று சொற்களை அவள் யோசிக்காமல் சொன்னாள். யோசித்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

“யாரு மொதல்லங்கதுக்கு எங்கிட்ட ஆதாரம் இருக்கு. தேதியோட.”

“அரே எப்பா, இது என்ன கோர்ட் கேஸா? மண்டே ஃபார்ம் குடுக்கணும். சண்டே வாரேன், காட்டுங்க. நீங்க சொல்றது சரின்னா பேர மாத்திடுறேன். ப்ராமிஸ்.”

அச்சில் வரப்போகும் ஒரு வரி. அதில் என் பெயரோ இன்னொருத்தி பெயரோ. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து நோட்டுகளை இறக்கினேன்.

2

தேதி போட்டு எழுதும் பழக்கம் எனக்கு ஊரில் இருந்ததில்லை. இந்த நகரம்தான் பழக்கியது. 2001 நவம்பர் 19, திங்களன்று வள்ளியூரில் ரயிலேறி வந்தவன் நான். ரேஷன் கார்டுக்காக முதன்முதலில் வரிசையில் நின்றபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார். “கப் ஆயா?” எப்போது வந்தாய்? சொன்னேன். “ப்ரூஃப்?” என்றார். ஒரு மனிதன் எதிரே நிற்பது அவன் வந்ததற்குச் சான்று ஆகாது என்று அன்று புரிந்தது. அன்று மாலையே தாராவி தொண்ணூறு அடி சாலையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இன்றுவரை இருபத்தாறு நோட்டு. பள்ளிக்கூடம், வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு என எந்தப் படிவம் வந்தாலும் மற்றவர்கள் நெற்றியைத் தடவுவார்கள். நான் நோட்டைப் புரட்டுவேன்.

என் மனைவி பார்வதியும் சுபாவும் வந்தது 2002 ஜூன் 15, சனி. சுபாவுக்கு நாலு வயது. நான் செம்பூர்ப் பக்கம் லேத் பட்டறையில் ஸ்டோர் பார்க்க, பார்வதி தாராவிக்குள்ளேயே ஒரு தையல் கம்பெனியில் காஜா எடுக்கச் சேர்ந்தாள். பிள்ளையை யாரிடம் விடுவது? எங்கள் வாசலுக்கும் எதிர்வாசலுக்கும் நடுவே ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு பக்கமும் தட்டும். அந்த எதிர்வாசல்தான் காக்கு. சாத்தாராப் பக்கத்து மராட்டிக்காரி. காக்கு என்றால் அவர்கள் மொழியில் சித்தி. பெயர் என்னவென்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. “பச்சியை இங்கே விடு” என்று பிள்ளையையும் தன் வாசலையும் கையால் காட்டினார். விட்டோம். காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரை, திங்கள் முதல் சனி வரை.

இரண்டு மாதத்தில் பிள்ளை மராட்டியில் பத்து வரை எண்ணினாள். ஆறு மாதத்தில் தூக்கத்தில் மராட்டி பேசினாள். ஜனவரியில் ஒரு காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தது நான். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் யாரையோ தேடி, “காக்கு குடே?” என்றாள். காக்கு எங்கே. அந்த வாரத்துக் குறிப்பில் காய்ச்சல் அளவு இருக்கிறது, மருந்துப் பெயர் இருக்கிறது, இந்தக் கேள்வி இல்லை. எழுத மனம் வரவில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் மேல் பொறாமைப்படுவது நன்றிகெட்ட வேலை. தெரியும். தெரிந்து அடங்குவதா அது? மாலையில் அவளைக் கூட்டி வரப் போவேன். காக்குவின் மடியில் தலை வைத்து, அவர் சேலை நுனியை விரலில் சுற்றியபடி படுத்திருப்பாள். நான் கூப்பிட்டால் முதலில் காக்குவின் முகத்தைப் பார்ப்பாள். போகலாம் என்று அங்கிருந்து உத்தரவு வந்தபின்தான் எழுந்திருப்பாள்.

எனக்கு மிஞ்சியது ஞாயிறு. அந்த ஒரு நாளில் ஏதாவது செய்து ஜெயிக்க வேண்டியிருந்தது.

3

எங்கள் தெரு முனையில் சிவப்புப் பெயின்ட் அடித்த சைனீஸ் வண்டி ஒன்று நிற்கும். வண்டிக்காரர் நேபாளி. அவர் முட்டை ஃபிரைட் ரைஸ் போடுவதை மூன்று மாலை, வாங்காமல், நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் அவரே கேட்டார், “அண்ணா, கானா ஹை யா சீக்னா ஹை?” சாப்பிடவா, கற்றுக்கொள்ளவா? இரண்டாவது என்றேன். சிரித்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார். “டண்டா.” சோறு குளிர்ந்திருக்க வேண்டும்.

இதில்தான் நம் ஆட்களுக்குச் சிக்கல். மிஞ்சின சோற்றைக் கண்டால் தண்ணீர் ஊற்றுவது நம் கைப்பழக்கம். பார்வதிக்குப் பானையைக் கழுவும் முன்பே கை செம்புக்குப் போய்விடும். தண்ணீர் விட்ட சோறு பழையதாகும், அதன் ருசி வேறு. ஆனால் சட்டியில் போட்டால் களியாகிவிடும். “இன்னைக்குத் தண்ணி ஊத்திராத” என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் இரண்டு சனி சொல்லியும் ஊற்றிவிட்டாள். மூன்றாம் சனி பானையின் மேல் ஒரு துண்டுத் தாளில் ‘தண்ணீர் ஊற்றாதே’ என்று எழுதி வைத்தேன். அதன் மறுநாள்தான் 16 மார்ச்.

செய்முறை சொல்கிறேன், வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளலாம். அகலமான தட்டில் சோற்றைக் கொட்டி அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு விரலால் கட்டியை உடைக்க வேண்டும். கரண்டி கூடாது, பருக்கை முறியும். இரும்புச் சட்டி புகையும்வரை காய வேண்டும். எண்ணெய் விட்டு முதலில் முட்டையை உடைத்து ஊற்றி, முக்கால் வேக்காட்டில் ஓரமாக ஒதுக்கி, அதே எண்ணெயில் பூண்டும் வெங்காயத்தாளின் வெள்ளையும். பிறகு சோறு. கைவிடாமல் கிளற வேண்டும். சோறு சட்டியில் துள்ளினால் சரி, ஒட்டினால் தீ போதாது. சோயா சாஸை சோற்றின் மேல் ஊற்றக் கூடாது, சட்டியின் ஓரத்தில் ஊற்ற வேண்டும். அது அங்கே சுரீரென்று கருகிய பிறகுதான் சோற்றோடு சேர வேண்டும். உப்பு கடைசியில், கொஞ்சம். மிளகுத்தூள் தாராளமாக. வெங்காயத்தாளின் பச்சை, இறக்கும்போது.

அதன்பின் பதினோரு ஆண்டு, அவள் பத்தாவது முடிக்கும்வரை, ஊருக்குப் போன ஞாயிறுகள் நீங்கலாக ஒன்றைக்கூட விட்டதில்லை. இதற்கும் நோட்டில் குறிப்பு உண்டு. இத்தனைக்கும் பிறகு, கற்றுக்கொடுத்தவர் காக்கு.

4

நவம்பர் 9, ஞாயிறு காலை சுபா வந்தாள். பையிலிருந்து அவள் எடுத்த முதல் பொருள் ஒரு பொட்டலம் கடுகு.

“வீட்டுல கடுகு இருக்குட்டி,” என்றாள் பார்வதி.

“இது சின்னக் கடுகுமா. காக்கு போடுறது.”

பார்வதி என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“அடுத்தவ வீட்டு அடுப்பப் பாத்து வயிறு எரியுத ஆம்பளைய இப்பத்தான் பாக்கேன். அறுவது வயசு ஆவப்போவுது ஒங்களுக்கு.”

“ஐம்பத்தெட்டு,” என்றேன்.

“தேதியோட சொல்லுங்க.”

முதல் நாள் சோறு, தண்ணீர் ஊற்றாதது, தயாராக இருந்தது. அதை இரண்டாகப் பிரித்தோம். முதலில் அவள் செய்தாள். எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, கீறின பச்சைமிளகாய், மஞ்சள்தூள். சோற்றைப் போட்டுக் கிளறி, நடுவில் குழி பறித்து அதில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி மூடி வைத்தாள். மராட்டிக்காரர்கள் மிஞ்சின சோற்றைத் தாளிப்பது இப்படித்தான். முட்டை சேர்த்தது காக்குவின் சொந்தச் சேர்க்கை. மஞ்சளாக, மெத்தென்று இருந்தது. அடுத்து நான் செய்தேன். இரண்டு தட்டையும் நடுவில் வைத்து மூவரும் சாப்பிட்டோம். அவள் செய்தது நன்றாக இருந்தது. நான் சொல்லவில்லை.

“இப்ப ஆதாரம்,” என்றாள் சுபா, கையைத் துடைத்துக்கொண்டு.

இரண்டாம் நோட்டை விரித்து 16 மார்ச்சைக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஞாயிறு மதியம் சோறு ஊட்டினேனே தவிர எழுத்து ஊட்டவில்லை. விரல் வைத்து மெதுவாகப் படித்து முடித்தாள்.

“ஓகே. இது உங்க டேட். காக்கு டேட் எங்க?”

“அதுக்கு முன்ன அப்படி ஒரு குறிப்பே கெடையாது. மொத நோட்டு முழுக்கப் பாத்துட்டேன். எதிர்வீட்டுல ஒனக்குப் பருப்புச் சோறு குடுத்தாவ, அதான் இருக்கு.”

“குடுங்க பாப்போம்.”

முதல் நோட்டை வாங்கிப் புரட்டினாள். நானே தாளில் அடையாளம் வைத்திருந்தேன், மறைக்க ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காக. அந்தக் குறிப்பு இதுதான்:

“9 ஜூலை 2002, செவ்வாய். எதிர்வீட்டு அம்மா பிள்ளைக்குப் பாசிச் சோறு கொடுத்திருக்கிறார். ஏனோ மிகவும் தயங்கிச் சொன்னார். பிள்ளை கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாளாம். நல்லது, தினமும் கொடுங்கள் என்று சொன்னேன். பாசிப்பயறு பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறது.”

சுபா எழுத்துக் கூட்டினாள். “எ-தி-ர்-வீ-ட்-டு அம்மா… பிள்-ளை-க்-குப்… பா… சி…”

நிறுத்தினாள். மறுபடியும் அந்தச் சொல்லில் விரலை வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

“எப்பா! பாஸி! பாஸி சாவல்!”

“பாசிட்டி. பாசிப்பயறு.”

“நஹீ எப்பா, பாஸி. ஹிந்தி. பழசு! காக்கு உங்ககிட்ட பாஸி சோறுன்னு சொல்லிருக்கு!”

ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். இங்கே முதல் நாள் மிஞ்சியதை ‘பாஸி’ என்பார்கள். முதல் எழுத்து ‘பாட்டு’ என்பதில் வரும் பா அல்ல, ‘பாக்கியம்’ என்பதில் வரும் பா. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். இந்தச் சொல்லை இருபது வருடமாக நானே வாயால் சொல்லி வருகிறேன். பட்டறை டீக்கடையில் பாஸி பாவ் ரொட்டி வைத்தால் சண்டை போடுகிறேன். ஆனால் 2002 ஜூலையில் நான் வந்து எட்டு மாதம். காதில் விழுந்ததை எனக்குத் தெரிந்த பயறாக்கி எழுதிவிட்டேன். எழுதினபின் அது பயறாகவே இருந்துவிட்டது. எத்தனையோ புத்தகம் படித்த நான் அந்த வரியைத் தமிழாகவே படித்தேன். எழுத்துக் கூட்டுகிறவள் கண்டுபிடித்துவிட்டாள்.

அடுத்த குறிப்பையும் அவளே படித்தாள். “14 ஜூலை, ஞாயிறு. பார்வதி பாசிப்பயறு போட்டுச் சோறாக்கினாள். பிள்ளை துப்பிவிட்டாள். எதிர்வீட்டில் வேறு பக்குவம் போலும்.”

பார்வதி தட்டைக் கீழே வைத்தாள். “அந்தப் பயறுக்காவ எத்தன நாளு இந்தப் புள்ளைய அடிச்சு ஊட்டிருக்கேன்! ஒங்க தமிழால வந்தது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் பிள்ளைக்குப் பழைய சோறு கொடுப்பது இங்கே குற்றம் மாதிரி. காக்கு தயங்கியது மன்னிப்புக் கேட்பதற்காக. அவரிடம் நான், ‘நல்லது, தினமும் கொடுங்கள்’ என்று சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்தில், தேதியோடு.

5

காக்கு இப்போது சாத்தாராப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். சுபாவிடம் நம்பர் இருந்தது. என்னிடம் இல்லை. அதுவும் ஒரு குத்தல்தான். வீடியோவில் கூப்பிட்டாள். முதலில் நெற்றி மட்டும் தெரிந்தது, பிறகு முகம். காது மந்தம். சுபா மராட்டியில் கத்திப் பேசினாள். அவளுக்கு என்னோடு பேசும்போது வராத வேகம் அதில் இருந்தது.

என்னைக் கண்டதும் காக்கு ஹிந்திக்கு மாறினார். நான் கேட்ட முதல் கேள்விக்கே விழுந்து சிரித்தார்.

“அரே அண்ணா! ஆப் ஹீ போலே தே, ரோஜ் தோ!” நீங்கள்தானே சொன்னீர்கள், தினமும் கொடு என்று!

அன்று நான் சண்டைக்கு வருவேன் என்று பயந்தாராம். அரிசி தீர்ந்து போயிருந்தது, வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டாராம். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டியதும், எதிர்வீட்டு மதராஸி தங்கமான மனுஷன் என்று புருஷனிடம் சொன்னாராம். “அன்றையிலிருந்து தினமும் ராத்திரி ஒரு கைப்பிடி அரிசி கூடப் போடுவேன். பாஸி ஆக வேண்டுமே. உங்கள் பெண் வேறு எதையும் தொடமாட்டாள்.”

பிள்ளைக்காக ஒரு வீட்டில் வேண்டுமென்றே சோறு மிஞ்ச வைத்திருக்கிறார்கள். நான் பானை மேல் தாள் வைத்ததையே பெரிதாக நினைத்திருந்தேன்.

ஆனாலும் கேட்காமல் விடவில்லை. “காக்கு, முதல் நாள் கொடுத்த சோற்றில் முட்டை இருந்ததா?”

சுபா என்னை முறைத்தாள். பிறகு மராட்டியில் கேட்டாள். காக்கு நெற்றியைச் சுருக்கினார்.

“என்ன கிழமை?”

“செவ்வாய்,” என்றேன் உடனே.

“செவ்வாய் எங்கள் வீட்டில் முட்டை கிடையாது, கணபதி நாள்.” என் நெஞ்சு லேசாயிற்று. ஆனால் அவர் நிறுத்தவில்லை. “பெரியவர்களுக்குத்தான் அது. சின்னப் பிள்ளைக்கு என்ன செவ்வாய்? வெளியே ஸ்டவ் வைத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன். இல்லை, போடவில்லையோ. யாத் நஹீ, அண்ணா.” நினைவில்லையாம்.

போனை வைக்கும் முன் அவரும் ஒன்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் ஊற்றும் அந்தக் கறுப்புத் தண்ணீர் என்ன? திங்கட்கிழமை காலையில் பிள்ளை வந்து அவர் தட்டைத் தள்ளிவிட்டு, ‘கறுப்புச் சோறு வேணும்’ என்று அழுவாளாம். அந்த ஒரு நாள் மட்டும் என்மேல் அவருக்கு அப்படி எரிச்சல் வருமாம். கடையில் போய்க் கேட்கலாமென்றால் அதன் பெயர் தெரியாதாம்.

“சோயா சாஸ்,” என்றேன். உரக்க, இரண்டு முறை.

6

சுபா படிவத்தை அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை. திங்கள் மதியம் பட்டறையில் இருந்தபோது படம் வந்தது.

உணவின் பெயர் இருந்த இடத்தில் தமிழில், கையால் எழுதியிருந்தாள்: ‘பாசிச் சோரு’. அவளாகத் தமிழில் ஏதோ எழுதி நான் பார்ப்பது எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. வல்லின ‘று’ வர வேண்டும். திருத்தச் சொல்ல விரல் போனது. இந்த வீட்டில் பிழையாக எழுதினால்தான் நிலைக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கற்றுக்கொடுத்தவர் என்ற இடத்தில் ஆங்கிலத்தில்: திங்கள் முதல் சனி வரை காக்கு. ஞாயிறு அப்பா.

ஆறுக்கு ஒன்று. அன்று மாலை பார்வதியிடம் படத்தைக் காட்டினேன். “இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு?” என்றாள். எனக்கு வேண்டியது தெரிந்துதான் இருந்தது. ஐந்துக்கு ஒன்று என்றாலும் போதும். செவ்வாய் ஒன்றாவது கழியுமா என்று பார்க்கிறேன்.

இருபத்தாறாம் நோட்டில் அன்றைய குறிப்பு இது:

“10 நவம்பர் 2025, திங்கள். சுபா படிவம் கொடுத்துவிட்டாள். முதல் நோட்டில் ‘பாசிப்பயறு’ என்று இருப்பதை ‘பழைய சோறு’ என்று திருத்திப் பக்கத்தில் தேதி போட்டேன். தினமும் கொடுக்கச் சொன்னது நான்தான், உறுதி. 9 ஜூலை 2002, செவ்வாய் அன்று எதிர்வீட்டுச் சோற்றில் முட்டை இருந்ததா என்பது மட்டும் இன்னும் உறுதிப்படவில்லை.”